நெல் போட்ட பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்



சம்பா அறுவடை மும்முரமாக நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு, கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று செல்போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் நாட்கள். இந்த நாட்களில்தான் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மகள் பிளஸ் டூ எழுதுகிறாள், ஜூனில் கல்லூரி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கடைக்காரர் அசெம்பிள் செய்து தருகிறேன் என்கிறார். எந்த மதர்போர்டு போடச் சொல்வது, விண்டோஸா லினக்ஸா? இந்த முறை கூடவே இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டத்தை என்ன செய்வது?

தனித்தனியாகப் பதில் எழுதி மாளாது என்பதால் இந்த மாதப் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது இருக்கப்போகும் வீட்டைப் பாருங்கள். ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முன்னால் உட்காரப்போகும் ஆளைப் பாருங்கள். யூடியூபில் வரும் டெல்லிக்காரரும் சென்னைக்காரரும் சொல்வது அவர்கள் வீட்டுக் கரண்டுக்கும் அவர்கள் ஊர்க் கடைகளுக்கும் பொருந்தும். தண்ணீர் நிற்கும் பள்ளக்கால் வயலுக்கு சிஆர் 1009 சப்1 நாற்றைத் தேடும் நாம், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஏன் இடத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டும்?

லேப்டாப்பே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. வீட்டிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்கும், உரக்கடை, தையல் கடை, இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கும் அசெம்பிள் செய்த மேஜைக் கம்ப்யூட்டரே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அதில் ஒரு பாகம் போனால் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ அன்றைக்கே மாற்றித் தரும் ஆள் கிடைப்பார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம், பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் புகுந்த சிஸ்டத்தில்கூட ஹார்ட் டிஸ்க்கையும் ரேமையும் கழற்றிக் காயவைத்து வேறு போர்டில் மாட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரேமையும் டிஸ்க்கையும் போர்டிலேயே பற்றவைத்து வரும் மெல்லிய லேப்டாப்களில் அந்த வழி கிடையாது.

போர்டு வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. சிஸ்டம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தொட்டா சுர்ருனு இழுக்குது சார், போர்டுல ஏதோ கோளாறு" என்றார் வீட்டுக்காரர். எலக்ட்ரீசியன் வந்து டெஸ்டரை கேபினட்டின் பின்பக்கத் திருகில் வைத்தார், மங்கலாக எரிந்தது. பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்று ஓட்டைகளில் இரண்டுக்குத்தான் ஒயர் வந்திருந்தது. பெரிய ஓட்டை அழகுக்கு இருந்தது.

போர்டில் கோளாறு எதுவும் இல்லை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், அதாவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், கரண்ட் நுழையும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்குச் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். அவை ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் உடம்புக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டிலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, சுர்ரென்று இழுப்பதோடு சரி. ஆனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் சொருகினாலோ பிரிண்டர் கேபிளை மாட்டினாலோ அந்த நொடியில் கசிவு அந்த வழியாகப் பாயும். போர்டில் எச்டிஎம்ஐ போச்சு, யுஎஸ்பி போச்சு என்று வரும் புகார்களில் சிலவற்றுக்காவது காரணம் இதுதான். எர்த் போடுவது பெரிய செலவு இல்லை. நம் மண் ஈரமண். தோட்டத்துப் பக்கம் ஒரு குழி, ஜிஐ பைப், கரி, உப்பு, அங்கிருந்து வீட்டுக்குள் ஒரு ஒயர். போர்டின் விலையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்தாவது முதலில் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பவர் சப்ளையிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம். தனியாக, பெயருள்ள நிறுவனத்தின் பெட்டியை வாங்குங்கள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ளீடு 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 200–240 என்று மட்டும் போட்டிருந்தால் நம் கிராமங்களுக்கு ஆகாது. மும்முனை மின்சாரம் வந்ததும் பம்பு செட்டுகள் வரிசையாக எடுக்கும் நேரத்தில் வீட்டு விளக்கு மங்குவதைப் பார்க்கிறோம் இல்லையா, அந்த இறக்கத்தைத் தாங்கக்கூடியது முதல் வகைதான். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் சிறிய யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இன்வெர்ட்டர்கள் மாறும் நேரத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

இனி போர்டு.

கடைக்காரர் முதலில் இன்டெல்லா ஏஎம்டியா என்பார். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, "டிடிஆர்4 ரேம் போடுற போர்டா, டிடிஆர்5 போடுறதா?" என்று. இரண்டு ரேமும் ஒன்றுக்கொன்று மாறாது. நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்தினாலும் உட்காராது. போன வருடம்வரை இது பெரிய கேள்வியாக இல்லை. 2025 கடைசியில் நிலைமை மாறிவிட்டது. உலகத்துக்கு ரேம் சிப் செய்து தருபவர்களில் பெரியவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூவர்தான். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் கொள்முதலை ஏற்றிவிட, அவர்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சில மாதங்களுக்குள் கடைகளில் ரேம் விலை இரட்டிப்புக்கு மேல் போய்விட்டது. பல வருடங்களாக நினைவகம் விற்றுவந்த தன் குருஷியல் கடைச்சரக்குப் பிரிவையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. சிலிக்கான் சில்லு விலை நம் ஊர் அப்பாவின் பட்ஜெட்டில் இவ்வளவு நேரடியாகக் கைவைத்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

அதனால் என் யோசனை இது. வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைக் கழற்றிக்கொண்டு போங்கள். அதற்கு இடம் தரும் போர்டை வாங்குங்கள். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட், ஏ520 அல்லது பி550 சிப்செட் போர்டு. 2016-இல் வந்த சாக்கெட் அது. பத்து வருடம் ஆகியும் அதற்கான ப்ராசசர்கள் கடையில் கிடைக்கின்றன. எந்தக் கடைக்காரருக்கும் கைப்பழக்கம் உண்டு. இன்டெல்லில் எல்ஜிஏ 1700 சாக்கெட், எச்610 அல்லது பி760 போர்டு. இதில் கவனம் தேவை. ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் வரும், டிடிஆர்5 போர்டும் வரும். பெட்டியின் மேல் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய ரேம் எதுவும் இல்லை, எல்லாமே புதிதாக வாங்குகிறோம், இன்னும் எட்டு பத்து வருடம் ஓட வேண்டும், நடுவில் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏஎம்5 போர்டுக்குப் போகலாம். 2022-இல் வந்த சாக்கெட். 2027 வரைக்கும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 மட்டுமே போடும், ஆகவே இப்போதைக்குக் கை கடிக்கும். 8 ஜிபி ஒரு குச்சி போட்டு ஆரம்பித்து, விலை இறங்கும்போது இன்னொன்று சேர்க்கலாம்.

நான்கு ரேம் சாக்கெட் வேண்டுமா என்றால், வேண்டாம். இரண்டு போதும். எம்.2 ஸ்லாட் ஒன்றாவது இருக்க வேண்டும். அதில் என்விஎம்இ டிஸ்க் போட்டால் சிஸ்டம் பத்து பதினைந்து நொடியில் எழுந்துவிடும். மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, அதாவது பக்கத்துக்கு 244 மில்லிமீட்டர் வரை வரும் சதுர போர்டு, நம் மேஜைக்கும் பணத்துக்கும் தோது. கலர் கலராக எரியும் விளக்குக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு, ப்ராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதியின் மேல் அலுமினியக் கட்டி வைத்த போர்டு கிடைக்கும். கத்திரி வெயிலில் ஓட்டுக் கூரைக்கு அடியில் ஓடும் சிஸ்டத்துக்கு அது தேவை.

பலர் ஏமாறும் ஓர் எழுத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் இல்லை. கோர் ஐ3-12100 வேறு, ஐ3-12100எஃப் வேறு. பின்னது விலை குறைவாக இருப்பதால் கொட்டேஷன் அழகாகத் தெரியும். வீட்டுக்கு வந்து மானிட்டரை போர்டில் சொருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், ஏனென்றால் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அதில் படம் வராது. ஏஎம்4-இல் இதற்கு நேர்மாறு: ரைசன் 5 5600-இல் கிராஃபிக்ஸ் இல்லை, 5600ஜி-இல் உண்டு. பாடம் படிக்க, படம் பார்க்க, கணக்கு எழுத வாங்குகிறவர்கள் இன்டெல் என்றால் எஃப் இல்லாததையும், ஏஎம்4 என்றால் ஜி உள்ளதையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, வாரண்டி. போர்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருடம். பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தரச் சொல்லுங்கள். சேவை மையம் தஞ்சையிலா, திருச்சியிலா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று ரயில் ஏறும் தம்பிகளுக்கும் இதையே சொல்வேன்: கார்த்திகை மழையில் போர்டு படுத்துக்கொண்டால் அதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மழை என்றதும் மின்னல் ஞாபகம் வருகிறது. இடி இடிக்கும்போது சுவிட்சை அணைப்பதோடு நிறுத்திவிடுகிறோம். கம்பம் கம்பமாக இழுத்து வரும் கேபிள் இன்டர்நெட் ஒயர் இருக்கிறதே, அது செம்பாக இருந்தால் அதன் வழியாகவும் மின்னலின் தூண்டல் உள்ளே வரும். போர்டில் எல்லாம் ஓடும், லேன் மட்டும் செத்திருக்கும். அல்லது அதோடு போர்டே போயிருக்கும். ஃபைபர் இழுத்த வீடுகளிலும் மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது செம்புதான். மேகம் கறுத்தால் பவர் பிளக்கையும் லேன் ஒயரையும் இரண்டையும் உருவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் தொடாமல் கிடந்த சிஸ்டத்தை எடுத்த எடுப்பில் போடாதீர்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்த பிறகு போடுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரை வாசகர்கள் தினம் அரை மணி நேரமாவது சிஸ்டத்தை ஓட விடுவது நல்லது. உள்ளே சூடு இருந்தால் உப்பு ஈரம் தங்காது. அறுவடை மெஷின் ஓடும் இந்த மாதத்தில் உமித்தூசி உள்ளே போய் ஃபேனில் படியும். பயன்படுத்தாத ஓட்டைகளில் குளவி மண்கூடு கட்டிவிடும், அவற்றை டேப் ஒட்டி அடைத்துவையுங்கள்.

பிள்ளைகளையே பூட்ட விடுங்கள் என்று சொல்லும்போது பெற்றோர் தயங்குகிறார்கள். பயப்பட வேண்டியது ஓரிரு இடங்களில்தான். ப்ராசசரின் ஒரு மூலையில் சிறு முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே முக்கோணம் இருக்கும். இரண்டும் நேராக வந்தால் விரலின் எடைக்கே ப்ராசசர் உள்ளே இறங்கும். இறங்காவிட்டால் ஏதோ தப்பு, அழுத்தக் கூடாது. எல்ஜிஏ போர்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தங்கநிற ஊசிகள் சாக்கெட்டிலேயே நிற்கின்றன. ஒன்று மடிந்தால் வாரண்டி இல்லை. அடுத்தது, கேபினட்டில் போர்டுக்கு அடியில் வைக்கும் பித்தளைக் கட்டைகள். அவற்றை மறந்து போர்டை நேராகத் தகட்டில் வைத்துத் திருகினால் முதல் சுவிட்ச்சிலேயே ஷார்ட். இந்த இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒரு மதியத்தில் முடித்துவிடுவாள். அவள் பூட்டிய சிஸ்டத்தை அவளே திறந்து தூசி தட்டுவாள், அவளே ரேம் மாற்றுவாள். 2024 செப்டம்பரில் நம் தஞ்சையிலேயே டைடல் நியோ பூங்கா திறந்தாகிவிட்டது. இந்தக் கைவேலையை வீட்டில் பழகிய பிள்ளைகள் அந்த வாசலுக்குத் தெம்போடு போவார்கள்.

அடுத்தது ஓஎஸ்.

இதில் சண்டை வேண்டாம். டாலி போடும் உரக்கடைக்கும் அரிசி மில்லுக்கும் விண்டோஸ். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து நடக்கும் இ-சேவை மையத்துக்கும் விண்டோஸ். அந்தக் கருவிகளுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் அதற்குத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் பழைய தமிழ் எழுத்துருக்களும் இருக்கும்வரை விண்டோஸைவிட்டு நகர முடியாது. இவர்கள் அதற்கு உரிய உரிமத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். புது விண்டோஸ் 11 ஹோம் பத்தாயிரத்தைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் "நானே போட்டுத் தரேண்ணே, காசு வேண்டாம்" என்று யாரோ பென் டிரைவிலிருந்து ஏற்றித் தரும் திருட்டு விண்டோஸில் பூட்டை உடைக்கும் நிரலோடு சேர்ந்து எது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த சிஸ்டத்தில் உட்கார்ந்து வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டைத் தட்டுகிறோம். வாசகர்களிடம் நான் இதை மன்றாடியே சொல்கிறேன்: திருட்டு விண்டோஸ் போட்ட சிஸ்டத்தில் பணப் பரிமாற்றம் செய்யாதீர்கள்.

உரிமத்தில் போர்டோடு தொடர்புள்ள ஒரு விஷயம் இருக்கிறது. ஓஇஎம் என்று விற்கும் மலிவான உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டு எரிந்து வேறு மாடல் மாட்டினால் உரிமம் போய்விடும். ரீடெய்ல் உரிமம் விலை அதிகம், ஆனால் புது போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். போர்டுகள் அடிக்கடி எரியும் நம் பக்கத்தில் இந்த வித்தியாசம் முக்கியம்.

மாணவர்களுக்கும், வீட்டில் சிட்டா அடங்கல் எடுக்க, செய்தி படிக்க, தமிழில் எழுத, படம் பார்க்க உட்காருபவர்களுக்கும் லினக்ஸ் போதும் என்று சொல்லமாட்டேன். லினக்ஸ் நல்லது என்றே சொல்வேன். இது நம் டெல்டாவுக்குப் புதிய பேச்சும் இல்லை. 1999–2001 காலத்தில் திருவாரூர் ஆட்சியராக இருந்த சி. உமாசங்கர் தாலுகா அலுவலகங்களின் வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கியதில் நாட்டுக்கே முன்னோடி என்று திருவாரூர் பேசப்பட்டது. அதே உமாசங்கர் பிறகு எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானபோது அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை சூசே லினக்சுக்கு மாற்றினார். 2011-இல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் தரத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்சும் அதில் இருந்தது. சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. எத்தனை வீடுகளில் அந்த லேப்டாப் பரணில் கிடக்கிறது! பேட்டரி செத்திருக்கும், அவ்வளவுதான். ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அருமையான கம்ப்யூட்டர்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எட்டாம் தலைமுறை இன்டெல், ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய ப்ராசசர் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 போடலாம். "உங்கள் கணினி தகுதி பெறவில்லை" என்று திரை சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். பல போர்டுகளில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உள்ளேயே இருந்தும் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிப் பாருங்கள். அதைவிடப் பழைய சிஸ்டம் என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடர்ந்து வரும். அதற்குள் மூன்றாவது வழியான லினக்ஸைப் பழகிக்கொள்ளலாம்.

பழகுவது எளிது. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே சிஸ்டத்தை எழுப்பலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் அசையாது. ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று சோதித்த பிறகு நிரந்தரமாக ஏற்றுங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொருகியதும் ஓடும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற நிரலைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்புமுறையும் வந்துவிடும். 2010-இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்ட யூனிகோடில் எழுதலாம். லினக்ஸ் ஏற்றிய டிஸ்க்குக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. போர்டு எரிந்தால் அந்த டிஸ்க்கைப் புது போர்டில் மாட்டுங்கள், பெரும்பாலும் அப்படியே எழுந்து நிற்கும். உரிமம் கேட்காது.

தமிழிலேயே படித்துக்கொள்ள விரும்புவோருக்கு 2012 முதல் வரும் கணியம் இதழ் இருக்கிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் ஜிஎன்யூ/லினக்ஸ்’ மின்னூல் இலவசமாகவே கிடைக்கிறது. விழுப்புரத்தில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு லினக்ஸ் பயனர் குழு நடத்துகிறார்கள். கிராமத்து மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள். கல்லூரிகளுக்குக் குறைவில்லாத தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறையில் ஒவ்வொரு தாலுகாவிலும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கேயே திறந்து, துடைத்து, லினக்ஸ் ஏற்றித் தரலாம்.

உங்கள் ஊரில் ஏற்கெனவே அப்படி ஒரு குழு கூடுகிறதென்றால், கூடும் இடத்தையும் நாளையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம். இல்லையென்றால், சொல்லித்தர முன்வரும் ஆசிரியர்களும், ஒரு கூடத்தை ஞாயிறு மாலையில் திறந்துவிடக்கூடிய நூலகர்களும் பெயரையும் ஊரையும் போட்டு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். ஆட்களை ஊர்வாரியாகச் சேர்த்துவிடும் வேலையை இந்த இதழ் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் நிற்கும் 2026 அக்டோபர் 13-க்குள் முதல் கூட்டங்கள் நடந்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்